வளரும் வல்லரசுகளும் வளரும் நாடுகளும் ஒரே அணியா?

கேள்வி இதுதான்: சீனா, இந்தியா, பிரேசில் போன்ற நாடுகள் பொருளாதாரத்தில் பெரிதாக வளர்ந்துவிட்டன. இவை சேர்ந்து நடத்தும் பிரிக்ஸ், பணக்கார நாடுகளோடு இவையும் உட்காரும் ஜி20 என்று அமைப்புகளும் வந்துவிட்டன. இதனால் மற்ற வளரும் நாடுகளுக்கும் உலக அரங்கில் பலம் கூடியிருக்கிறதா? இல்லை, பழைய பெரியவர்களுக்குப் பக்கத்தில் புதிய பெரியவர்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதானா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய வளரும் நாட்டின் தேவையும் ஒரு சிறிய ஏழை நாட்டின் தேவையும் ஒரே பக்கம் இருக்கும்போது கதவு திறக்கிறது, சின்ன நாடும் அந்த வழியாக உள்ளே போய்விடுகிறது. இரண்டு தேவையும் வேறு வேறு பக்கம் போகும்போது, அதே பெரிய நாடு கதவைச் சாத்துகிறவர்கள் பக்கம் நிற்கிறது. இதை நல்லெண்ணம், துரோகம் என்றெல்லாம் பார்ப்பதைவிட, எந்த விஷயத்தில் யாருக்கு என்ன லாபம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பதுதான் சரி. வளரும் நாடுகளையெல்லாம் சேர்த்துச் சொல்லும் 'குளோபல் சவுத்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் 140 கோடி பேர் வாழும் இந்தியாவும் இருக்கிறது, பத்தாயிரம் பேர் வாழும் துவாலுவும் இருக்கிறது. ஐ.நா.வில் வளரும் நாடுகள் சேர்ந்திருக்கும், ஜி77 என்று அழைக்கப்படும் குழுவில் இன்று 134 நாடுகள். இத்தனை பேருக்கும் ஒரே நலன் இருக்கும் என்று எதிர்பார்ப்பதில்தான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது.

முதலில் வாக்குக் கணக்கைப் பார்ப்போம். 1944 ஜூலையில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், பிரெட்டன் வுட்ஸ் என்ற இடத்தில் ஒரு ஓட்டலில் 44 நாடுகளின் பிரதிநிதிகள் கூடி ஐஎம்எஃப் எனப்படும் சர்வதேச நாணய நிதியம், உலக வங்கி என்ற இரண்டு நிறுவனங்களுக்கு வடிவம் கொடுத்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அங்கே இருந்தவை நான்கே நாடுகள்: எகிப்து, எத்தியோப்பியா, லைபீரியா, தென்னாப்பிரிக்கா. இந்தியா பிரிட்டிஷ் ஆட்சிக்குள் இருந்தபடியே கலந்துகொண்டது. இன்று ஆப்பிரிக்காவில் 54 நாடுகள். விதி எழுதப்பட்டபோது இவற்றில் பெரும்பாலானவை நாடாகவே பிறக்கவில்லை.

இன்றும் ஐஎம்எஃபில் அமெரிக்காவிடம் சுமார் 16.5 சதவீத வாக்கு இருக்கிறது. கோட்டாவை, அதாவது யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை மாற்ற 85 சதவீத வாக்கு வேண்டும். மிச்சமிருக்கும் அத்தனை நாடுகளும் சேர்ந்து கை தூக்கினாலும் 83.5 தான் வரும். அமெரிக்கா வேண்டாம் என்றால் நடக்காது. உலக உற்பத்தியில் ஆறில் ஒரு பங்கை வைத்திருக்கும் சீனாவுக்கு அங்கே வாக்கு 6 சதவீதம்தான்.

இந்தப் பங்கை மாற்ற 2010 டிசம்பரில் ஒரு சீர்திருத்தம் ஒப்புக்கொள்ளப்பட்டது. அமெரிக்க நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தந்தது 2015 டிசம்பரில். ஐந்து வருஷம்! இந்தத் தாமதத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் அந்தச் சீர்திருத்தத்தால் யாருடைய பங்கு கூடியது என்று பார்ப்பவர்கள் குறைவு. சீனா மூன்றாம் இடத்துக்கு வந்தது, இந்தியா, பிரேசில், ரஷ்யா முதல் பத்துக்குள் வந்தன. மிகவும் ஏழையான நாடுகளின் பங்கு குறையாமல் பார்த்துக்கொள்ளப்பட்டது. கூடவில்லை. 2023 டிசம்பரில் எடுத்த அடுத்த முடிவில் எல்லோருடைய கோட்டாவையும் ஒரே விகிதத்தில் 50 சதவீதம் உயர்த்த ஒப்புக்கொள்ளப்பட்டது. எல்லாம் ஒரே அளவில் உயர்ந்தால் யாருடைய இடமும் மாறாது.

இந்தப் பங்கு வெறும் கௌரவப் பிரச்சினை இல்லை. கொரோனா காலத்தில், 2021 ஆகஸ்டில், ஐஎம்எஃப் 65,000 கோடி டாலர் மதிப்புள்ள எஸ்டிஆர் வெளியிட்டது. எஸ்டிஆர் என்பது நாடுகள் தங்கள் அந்நியச் செலாவணி இருப்பில் சேர்த்துக்கொள்ளக்கூடிய ஒரு சொத்து. அது கோட்டா விகிதப்படிதான் பிரியும். ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதற்கும் சேர்த்துக் கிடைத்தது சுமார் 3,300 கோடி டாலர், அதாவது ஐந்து சதவீதம். பணம் யாருக்குத் தேவையோ அவர்களுக்குப் போகவில்லை, யாரிடம் ஏற்கெனவே இருந்ததோ அவர்களுக்குப் போனது. இதில் யாரும் விதியை மீறவில்லை. விதியே அப்படி எழுதப்பட்டிருக்கிறது.

சரி, இதை மாற்ற வளரும் நாடுகள் முன்பே முயலவில்லையா? முயன்றன. 1955 ஏப்ரலில் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் 29 ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் கூடின. 1964இல் ஜெனிவாவில் ஐ.நா.வின் வர்த்தக, வளர்ச்சி மாநாடான அங்க்டாட் தொடங்கியது. அதன் முதல் பொதுச்செயலர் அர்ஜென்டினாவின் பொருளாதார அறிஞர் ராவுல் பிரெபிஷ். மூலப்பொருளை விற்று இயந்திரம் வாங்கும் நாடு, நாளாக நாளாக அதே இயந்திரத்துக்கு மேலும் மேலும் மூலப்பொருளைக் கொடுக்க வேண்டியிருக்கும் என்பது அவர் வாதம். 1974 மே 1 அன்று ஐ.நா. பொதுச்சபை 'புதிய சர்வதேசப் பொருளாதார ஒழுங்கு' என்ற பிரகடனத்தையே நிறைவேற்றியது.

அந்தக் கூட்டணி ஏன் உடைந்தது என்பதற்குள் இன்றைய கதையும் இருக்கிறது. 1973இல் எண்ணெய் விலை பல மடங்கு ஏறியபோது எண்ணெய் ஏற்றுமதி செய்யும் ஓபெக் நாடுகளின் வெற்றியை மற்ற வளரும் நாடுகள் தங்கள் வெற்றியாகவே கொண்டாடின. ஆனால் எண்ணெயை இறக்குமதி செய்த ஏழை நாடுகள்தான் அந்த விலையையும் கொடுத்தன. எண்ணெய் விற்ற பணம் மேற்கத்திய வங்கிகளுக்குப் போனது. அங்கிருந்து லத்தீன் அமெரிக்காவுக்கும் மற்ற இடங்களுக்கும் கடனாகத் திரும்பி வந்தது. பிறகு அமெரிக்கா பணவீக்கத்தை அடக்க வட்டியை 20 சதவீதம் வரை ஏற்றியது. 1982 ஆகஸ்டில் மெக்சிகோ கடனைக் கட்ட முடியாது என்று கை விரித்தது. அதன் பின் பல நாடுகள் அதே வழியில் விழுந்தன. பாண்டுங்கிலும் ஐ.நா.விலும் சேர்ந்து குரல் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராகத் தனியே ஐஎம்எஃப் முன் போய் நின்றார்கள்.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். கதவு திறந்த ஒரு சம்பவத்தை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அதை மறந்துவிட்டுப் பேசுவது நியாயமில்லை. 2000ஆம் ஆண்டு வாக்கில் எச்.ஐ.வி. கூட்டு மருந்துச் சிகிச்சைக்கு ஒரு நோயாளிக்கு வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆனது. ஆப்பிரிக்காவில் அந்த மருந்து கிடைக்காமலே மக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். 2001 பிப்ரவரியில் இந்தியாவின் சிப்லா நிறுவனம், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு அதே சிகிச்சையை வருஷத்துக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. அன்று இந்தியச் சட்டத்தில் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, அதனால் இது சாத்தியமானது. அதே வருஷம் ஏப்ரலில் தென்னாப்பிரிக்க அரசுக்கு எதிராக 39 மருந்து நிறுவனங்கள் போட்டிருந்த வழக்கு திரும்பப் பெறப்பட்டது. நவம்பரில் தோஹாவில் உலக வர்த்தக அமைப்பு, காப்புரிமை விதிகள் பொதுச் சுகாதாரத்தைக் காப்பதற்குத் தடையாக இருக்கக் கூடாது என்று பிரகடனம் செய்தது.

இந்தியாவின் மருந்துத் தொழில், பிரேசிலின் இலவச எச்.ஐ.வி. மருந்துத் திட்டம், ஆப்பிரிக்க நோயாளிகளின் உயிர் ஆகிய மூன்றும் அன்று ஒரே பக்கம் இருந்தன. அதனால்தான் அது நடந்தது. இருபது வருஷம் கழித்து, 2020 அக்டோபரில், கொரோனா மருந்துகளுக்கும் தடுப்பூசிகளுக்கும் காப்புரிமை விலக்கு கேட்டு இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் மறுபடி சேர்ந்து நின்றன. 2022 ஜூனில் கிடைத்தது தடுப்பூசிக்கு மட்டுமான ஒரு சுருங்கிய முடிவு. நடுவில், 2021இல் இரண்டாம் அலை தாக்கியபோது, இந்தியா தடுப்பூசி ஏற்றுமதியை நிறுத்தியது. ஏழை நாடுகளுக்கும் தடுப்பூசி கிடைக்க ஏற்படுத்திய கோவாக்ஸ் திட்டத்தின் வழியாக அந்தத் தடுப்பூசியை எதிர்பார்த்திருந்த ஆப்பிரிக்க நாடுகள் மாதக்கணக்கில் காத்திருந்தன. தன் மக்கள் செத்துக்கொண்டிருக்கும்போது எந்த அரசும் அப்படித்தான் செய்யும் என்பது எனக்குப் புரிகிறது. காத்திருந்தவர்கள் அதிலிருந்து என்ன கற்றுக்கொண்டார்கள் என்பதும் புரிகிறது. தடுப்பூசியைத் தாங்களே தயாரிக்க வேண்டும் என்ற பேச்சு ஆப்பிரிக்காவில் அதன் பின் வலுத்தது.

அடுத்தது பருத்திக் கதை. உலக வர்த்தகத்தில் நான் அடிக்கடி நினைத்துப்பார்க்கும் கதை இதுதான்.

மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் பெனின், புர்கினா ஃபாசோ, சாட், மாலி என்ற நான்கு நாடுகளில் லட்சக்கணக்கான சிறு விவசாயிகள் பருத்தியை நம்பி வாழ்கிறார்கள். அமெரிக்கா தன் பருத்தி விவசாயிகளுக்குப் பெரும் மானியம் கொடுத்துவந்ததால் உலகச் சந்தையில் விலை அடிபட்டது. 2003இல் மெக்சிகோவின் கான்குன் நகரில் நடந்த உலக வர்த்தக அமைப்பின் மாநாட்டுக்கு முன் இந்த நான்கு நாடுகளும் சேர்ந்து இந்த மானியத்தை நிறுத்தச் சொல்லி மனு வைத்தன. அதே மாநாட்டில் பிரேசில், இந்தியா, சீனா, தென்னாப்பிரிக்கா எல்லாம் சேர்ந்த விவசாயக் கூட்டணி, அமெரிக்காவும் ஐரோப்பாவும் சேர்ந்து கொண்டுவந்த வரைவை ஏற்க மறுத்தது. மாநாடு முடிவில்லாமல் கலைந்தது. வளரும் நாடுகள் முதல்முறையாகப் பெரியவர்களைத் தடுத்து நிறுத்திய நாள் என்று அன்று பலர் எழுதினார்கள்.

இதற்கு முன்பே, 2002இல், பிரேசில் அமெரிக்கப் பருத்தி மானியத்துக்கு எதிராக உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்திருந்தது. பெனினும் சாடும் அதில் மூன்றாம் தரப்பாகச் சேர்ந்தன. 2005இல் மேல்முறையீட்டிலும் பிரேசில் ஜெயித்தது. ஜெயித்த பிறகு என்ன ஆனது என்பதுதான் முக்கியம். உலக வர்த்தக அமைப்பில் தோற்ற நாடு தீர்ப்பை மதிக்காவிட்டால், ஜெயித்த நாடு அதன் பொருட்களுக்குப் பதிலடியாக வரி போடலாம், அனுமதி கிடைத்தால் அதன் காப்புரிமைகளிலும் கை வைக்கலாம். 2009இல் பிரேசிலுக்கு அந்த அனுமதி கிடைத்தது. 2010இல் வரி போடப்போகும் பொருட்களின் பட்டியலையே வெளியிட்டது. உடனே அமெரிக்கா பேச வந்தது. வருஷத்துக்கு 14.73 கோடி டாலர் பிரேசிலின் பருத்தித் துறை நிதிக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டது. 2014இல் கடைசியாக 30 கோடி டாலர் கொடுத்து விவகாரம் முடித்துவைக்கப்பட்டது.

அந்தப் பணம் பிரேசிலின் பருத்திக்குப் போனது. மானியம் வேறு வடிவத்தில் தொடர்ந்தது. பெனின் தானே இந்த வழக்கைப் போட்டு ஜெயித்திருந்தால்? அமெரிக்கப் பொருட்கள் மீது பெனின் வரி போட்டால் அமெரிக்காவுக்கு அது உறைக்கவே உறைக்காது, பெனினில் இருக்கிறவர்கள்தான் அதிக விலை கொடுக்க வேண்டியிருக்கும். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் அந்தச் சட்டத்தைச் செயல்படுத்தும் கருவி பெரிய சந்தை உள்ளவன் கையில் மட்டும்தான் வேலை செய்கிறது. பிரேசிலைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அதன் வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான எம்ப்ராபா பிறகு மாலிக்குப் போய் அந்த நான்கு நாடுகளுக்கான பருத்தி ஆராய்ச்சித் திட்டத்தை நடத்தியது, அது உண்மையான உதவி. ஆனாலும் நான்கு நாடுகள் கேட்டது உதவி இல்லையே, விதியில் ஒரு மாற்றம். அது வரவில்லை. பிற்காலத்தில் பருத்திக்கு அதிக அரசு ஆதரவு கொடுப்பவர்கள் வரிசையில் சீனாவும் முன்னால் வந்து நின்றபோது, அந்த நான்கு நாடுகளும் கோரிக்கையை இன்னொரு வாசலுக்கும் எடுத்துப்போக வேண்டியதாயிற்று.

பிரிக்ஸ் பற்றி நிறைய எதிர்பார்ப்பு இருப்பதால் அதையும் சொல்கிறேன், ஆனால் சுருக்கமாக. பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா ஆகிய நான்கின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'பிரிக்' என்ற பெயரை 2001இல் முதலீட்டாளர்களுக்காக உருவாக்கியவர் கோல்ட்மேன் சாக்ஸ் வங்கியில் இருந்த ஜிம் ஓ'நீல். அந்தப் பெயரைச் சம்பந்தப்பட்ட நாடுகளே எடுத்துக்கொண்டு 2009இல் ரஷ்யாவின் எகடெரின்பர்க் நகரில் முதல் உச்சி மாநாட்டை நடத்தின. பிறகு தென்னாப்பிரிக்கா சேர்ந்தது. 2014இல் இரண்டு ஏற்பாடுகள் வந்தன. ஒன்று ஷாங்காயில் தலைமையகம் உள்ள புதிய வளர்ச்சி வங்கி. தொடங்கிய ஐந்து நாடுகளுக்கும் சம பங்கு, யாருக்கும் வீட்டோ இல்லை. ஐஎம்எஃபோடு ஒப்பிட்டால் இது பெரிய விஷயம், நான் மதிக்கிறேன். இரண்டாவது, நெருக்கடி வந்தால் ஒருவருக்கொருவர் கைகொடுக்க 10,000 கோடி டாலர் ஒதுக்கும் ஒப்பந்தம்.

இரண்டாவது ஒப்பந்தத்தில் ஒரு விதி இருக்கிறது. ஒரு நாடு தனக்குரிய தொகையில் 30 சதவீதம் வரைதான் சுதந்திரமாக எடுக்கலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஐஎம்எஃப் திட்டம் ஒன்றில் இருக்க வேண்டும். மாற்று என்று கட்டிய வீட்டின் உள்ளறைச் சாவி பழைய வீட்டில் இருக்கிறது. 2020 ஜூலையில் தென்னாப்பிரிக்காவுக்குப் பணம் தேவைப்பட்டபோது அது வாங்கியது ஐஎம்எஃபிடம், 430 கோடி டாலர். வங்கியும் அப்படித்தான்: அது டாலர் சந்தையில் பணம் திரட்டுகிறது, அங்கே நல்ல கடன் மதிப்பீடு வேண்டும். 2022 மார்ச்சில், உக்ரைன் போர் தொடங்கிய சில நாட்களிலேயே, ரஷ்யாவில் புதிய கொடுக்கல் வாங்கல்களை அந்த வங்கி நிறுத்திவைத்தது. அந்த வங்கியைத் தொடங்கிய, சம பங்குள்ள உறுப்பினருக்கே அந்த நிலை. உலக நாடுகளின் அந்நியச் செலாவணி இருப்பில் இன்னும் பாதிக்கு மேல் டாலர்தான். 2022இல் ரஷ்யாவின் சுமார் 30,000 கோடி டாலர் இருப்பு முடக்கப்பட்ட பிறகு பல நாடுகள் வேறு வழி தேடுவது உண்மை. ஆனால் தேடுவதும் கிடைப்பதும் வேறு.

கடனில்தான் இந்த மாற்றம் ஒரு சின்ன நாட்டின் மேல் எப்படி விழுகிறது என்பது பளிச்சென்று தெரியும். ஜாம்பியாவை எடுத்துக்கொள்ளுங்கள். செம்பு விற்று வாழும் நாடு. 2012இல் முதல்முறையாக டாலர் கடன் பத்திரம் வெளியிட்டது, 75 கோடி டாலர், 5.375 சதவீத வட்டி. அன்று முதலீட்டாளர்கள் வரிசையில் நின்றார்கள். 2014இல் இன்னொரு 100 கோடி, வட்டி 8.5. அடுத்த வருஷம் 125 கோடி, வட்டி கிட்டத்தட்ட 9. இந்தப் பக்கம் சீனாவிடமிருந்து சாலைக்கும் மின்சாரத்துக்கும் கடன் வந்துகொண்டிருந்தது. அந்த 8.5 சதவீதப் பத்திரத்துக்கு 2020 அக்டோபரில் கட்ட வேண்டிய அரையாண்டு வட்டி 4.25 கோடி டாலருக்கான சலுகைக் காலமும் நவம்பரில் முடிந்தது. கட்டவில்லை. கொரோனா காலத்தில் கடன் தவறிய முதல் ஆப்பிரிக்க நாடானது.

அதே மாதம் ஜி20 நாடுகள் 'பொதுக் கட்டமைப்பு' என்ற ஒன்றை அறிவித்தன. முன்பிருந்தே கடன் கொடுத்துவந்த பணக்கார நாடுகளும் சீனா போன்று புதிதாகக் கடன் கொடுக்கும் நாடுகளும் ஒரே அறையில் உட்கார்ந்து ஏழை நாட்டின் கடனைத் தீர்த்துவைப்பார்கள் என்பது ஏற்பாடு. ஜாம்பியா 2021 தொடக்கத்தில் விண்ணப்பித்தது. கடன் கொடுத்த அரசுகளோடு, மொத்தம் 630 கோடி டாலருக்கு, உடன்பாடு வந்தது 2023 ஜூனில். அப்புறம் பத்திரம் வைத்திருந்தவர்களோடு ஒரு உடன்பாடு எட்டப்பட்டது. அதைக் கடன் கொடுத்த அரசுகளின் குழு 2023 நவம்பரில் ஏற்க மறுத்தது, தங்களைவிடக் குறைவாகப் பத்திரதாரர்கள் விட்டுக்கொடுக்கிறார்கள் என்று. கடைசியில் 2024 ஜூனில்தான் பத்திரங்கள் மாற்றி எழுதப்பட்டன. தவறியதிலிருந்து மூன்றரை வருஷம்.

இந்த மூன்றரை வருஷத்தில் என்ன சண்டை நடந்தது? சீனா டெவலப்மென்ட் பேங்க் கொடுத்தது அரசுக் கடனா, வணிகக் கடனா என்று ஒரு சண்டை. உலக வங்கியும் நஷ்டத்தில் பங்கெடுக்க வேண்டும் என்று சீனா சொன்னது ஒரு சண்டை. தனியார் பத்திரதாரர்கள் எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று இன்னொரு சண்டை. ஒவ்வொரு தரப்பின் வாதத்திலும் ஏதோ நியாயம் இருந்திருக்கலாம். நடுவில் இருந்த நாட்டில் பல திட்டங்கள் நின்றன, நாணயம் சரிந்தது, 2024இல் கடும் வறட்சியும் சேர்ந்துகொண்டது. கடன் கொடுப்பவர்கள் பலர் இருப்பது நல்லது என்றுதான் நாம் சொல்லிவந்தோம். வாங்கும்போது அது நல்லதுதான், பேரம் பேசலாம். திருப்பித் தர முடியாமல் போகும்போது, பலர் இருப்பதாலேயே தீர்வு தள்ளிப்போகிறது. இலங்கையிலும் இதே காட்சிதான்: 2022 ஏப்ரலில் கடன் தவறிய பிறகு இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் ஆகிய மூன்றின் தலைமையில் ஒரு குழு, சீனாவோடு தனியாக ஒரு பேச்சு.

ஒரு தனி மனிதனோ கம்பெனியோ கடனில் மூழ்கினால் போய் நிற்க ஒரு நீதிமன்றம் இருக்கிறது, திவால் சட்டம் இருக்கிறது. நாட்டுக்கு அப்படி எதுவும் இல்லை. கடன் பத்திரங்கள் பெரும்பாலும் நியூயார்க் சட்டத்தின் கீழோ இங்கிலாந்துச் சட்டத்தின் கீழோ எழுதப்படுகின்றன. 2014இல் ஜி77 நாடுகள் ஐ.நா.வில் ஒரு நாட்டுக்கடன் திவால் முறையைக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றின. 2015இல் சில பொதுக் கோட்பாடுகளை நிறைவேற்றியதோடு அது நின்றுவிட்டது. பெரிய வளரும் நாடுகள் இன்று கடன் வாங்குபவர்கள் மட்டும் இல்லை, கொடுப்பவர்களும்கூட. இதில் அவர்களுக்கு முன்பிருந்த அவசரம் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இவ்வளவு சொன்னதால் சின்ன நாடுகளுக்கும் நடுத்தர நாடுகளுக்கும் வழியே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். இந்தோனேசியா 2020 ஜனவரி முதல் நிக்கல் தாதுவை அப்படியே ஏற்றுமதி செய்யத் தடை போட்டது. தாது வேண்டுமா, இங்கே வந்து உருக்காலை போடு என்றது. சீன நிறுவனங்கள் வந்தன, சுலவேசித் தீவின் மொரோவாலியில் ஒரு தொழில் நகரமே எழுந்தது. இன்று உலக நிக்கலில் பாதிக்கு மேல் அந்த நாட்டிலிருந்து வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டது, 2022 நவம்பரில் தீர்ப்பு இந்தோனேசியாவுக்கு எதிராக வந்தது. இந்தோனேசியா மேல்முறையீடு செய்தது. ஆனால் அந்த மேல்முறையீட்டு மன்றத்துக்கு நீதிபதிகளை நியமிக்க அமெரிக்கா தொடர்ந்து மறுத்ததால் 2019 டிசம்பரிலிருந்தே அது செயல்படவில்லை. வழக்கு அப்படியே தொங்குகிறது.

பிரெபிஷ் சொன்ன பொறியிலிருந்து வெளியேற ஒரு நாடு எடுத்த தைரியமான முயற்சி இது, எனக்கு இதில் சந்தேகமில்லை. ஆனால் இரண்டு விஷயங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த உருக்காலைகள் நிலக்கரியில் ஓடுகின்றன, பெரும்பாலும் வெளிநாட்டு முதலாளிகளுடையவை. 2023 டிசம்பர் 24 அன்று அங்கே நடந்த வெடிவிபத்தில் 21 தொழிலாளர்கள் இறந்தார்கள். இன்னொன்று, தீர்ப்பு சொல்ல ஆளில்லாத உலகத்தில் தடி எடுத்தவன் தண்டல்காரன். உலக நிக்கலில் பாதியை வைத்திருக்கிற நாட்டுக்கு அது சரிப்படும். பருத்தி மட்டும் வைத்திருக்கிற பெனினுக்குச் சரிப்படாது. விதிகள் உடைவதைப் பார்த்து மகிழும் சிலரிடம் நான் வேறுபடுவது இந்த இடத்தில்தான்.

சின்ன நாடுகள் தாங்களே முன்னால் நின்று நடத்திய காரியங்களும் உண்டு, அவற்றைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறோம். பன்னாட்டு நிறுவனங்கள் எங்கே வரி கட்ட வேண்டும் என்ற விதிகளைப் பல காலமாகப் பணக்கார நாடுகளின் ஓஇசிடி அமைப்புதான் எழுதிவந்தது. 2023 நவம்பரில் ஆப்பிரிக்க நாடுகள் குழு, நைஜீரியாவின் தலைமையில், அந்த வேலையை ஐ.நா.வுக்குக் கொண்டுவரத் தீர்மானம் வைத்தது. ஆதரவு 125, எதிர்ப்பு 48. எதிர்த்தவர்கள் பெரும்பாலும் பணக்கார நாடுகள். இங்கே இந்தியா, சீனா, பிரேசில் எல்லாம் ஆப்பிரிக்காவோடு வாக்களித்தன, ஏனென்றால் வரி வருமானம் அவர்களுக்கும் வேண்டும். ஒப்பந்தத்துக்கான பேச்சுவார்த்தை 2027 வரை நடக்க இருக்கிறது.

பருவநிலையில் கதை வேறு. 2009 டிசம்பரில் கோபன்ஹேகனில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டில், கடலில் மூழ்கும் அபாயத்தில் இருக்கும் துவாலு, சட்டப்படி கட்டுப்படுத்தும் புதிய ஒப்பந்தம் வேண்டும் என்றது. பெரிய வளரும் நாடுகளுக்கும் அதில் பொறுப்பு வரும் என்பதால் சீனாவும் இந்தியாவும் அதை எதிர்த்தன. அவர்கள் பக்கமும் வலுவான நியாயம் உண்டு: இருநூறு வருஷமாகப் புகை விட்டவர்கள் முதலில் குறைக்கட்டும் என்பது. ஆனால் கடைசி இரவில் ஒபாமாவோடு சீனா, இந்தியா, பிரேசில், தென்னாப்பிரிக்கத் தலைவர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து உடன்பாட்டை முடித்தபோது துவாலு அந்த அறைக்குள் இல்லை.

பத்து வருஷம் கழித்து, 2019இல், பசிபிக் தீவுகளில் சட்டம் படித்துக்கொண்டிருந்த 27 மாணவர்கள் ஒரு யோசனையோடு வந்தார்கள்: பருவநிலை விஷயத்தில் நாடுகளின் கடமை என்ன என்று சர்வதேச நீதிமன்றத்தையே கேட்போம். மூன்று லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் வனுவாட்டு அதைக் கையில் எடுத்து, நாடு நாடாகப் பேசி ஆதரவு திரட்டியது. 2023 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபை எதிர்ப்பே இல்லாமல் அந்தக் கேள்வியை ஹேக் நகரில் இருக்கும் அந்த நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 2024 டிசம்பரில் இரண்டு வாரம் விசாரணை நடந்தது. அங்கே அமெரிக்காவின் வாதமும் சீனா, இந்தியாவின் வாதமும் ஒரு விஷயத்தில் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன: இருக்கிற பருவநிலை ஒப்பந்தங்களே போதும், அதற்கு மேல் புதிய கடமைகளை நீதிமன்றம் சுமத்த வேண்டாம். 2025 ஜூலை 23 அன்று நீதிமன்றம் ஒருமனதாகக் கருத்துச் சொன்னது. நாடுகளின் கடமை அந்த ஒப்பந்தங்களோடு முடிந்துவிடாது, பொதுவான சர்வதேசச் சட்டமும் அவர்களைக் கட்டுப்படுத்தும் என்றது.